ரேம் ஏறுது, சர்வர் உறையுது: பெரிய ஃபைல் காப்பியில் நான் கற்றவை

பெரிய ஃபைல்களை நெட்வொர்க்கில் காப்பி போடும்போது மெமரி கிடுகிடுவென ஏறி, கொஞ்ச நேரத்தில் மெஷினே உறைந்து நிற்கிறது என்று யாராவது சொன்னால், கூடவே "ரேம் பத்தல போல" என்றும் சொல்லிவிடுவார்கள். சின்ன ஆபீஸ்களுக்கும் ஸ்டுடியோக்களுக்கும் சர்வர், நெட்வொர்க் எல்லாம் பார்த்துக் கொடுப்பது என் வேலை. ரேமைக் கூட்டி இந்தச் சிக்கல் தீர்ந்ததை நான் இதுவரை பார்த்ததில்லை. கூட்டியபின் உறையும் நேரம் இன்னும் நீண்டுபோனதைப் பார்த்திருக்கிறேன். அது ஏன் என்று புரிந்துவிட்டால் மீதி வேலை சுலபம், அதனால் ஒரு இடத்தில் நடந்ததை விவரமாகவே சொல்கிறேன்.

கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு ஸ்டுடியோ. உபுண்டு ஓடும் ஒரு சர்வர், 64 ஜிபி ரேம், நான்கு ஹார்ட் டிஸ்குகளை ரெய்டு 5-ஆக, அதாவது ஒன்று பழுதானாலும் டேட்டா போகாத ஒரே தொகுப்பாகக் கட்டி, அதன்மேல் சாம்பா ஷேர், அதாவது விண்டோஸ் மெஷின்கள் நெட்வொர்க்கில் திறக்கும் பொது ஃபோல்டர். ஓஎஸ்ஸும் அதே டிஸ்குகளில்தான் இருந்தது. கேமரா கார்டுகளை ஏற்றுகிற மெஷினுக்கும் சர்வருக்கும் நடுவே 10 ஜிகாபிட் லைன். காப்பி ஆரம்பித்ததும் விண்டோஸ் நொடிக்கு ஒரு ஜிபி என்று காட்டும். பத்துப் பன்னிரண்டு விநாடி அப்படியே பறக்கும். அப்புறம் அந்தப் பச்சைக் கோடு ஒரேயடியாகத் தரைக்கு இறங்கி பூஜ்யத்தில் படுத்துவிடும். அதே நேரத்தில் பக்கத்து அறையிலிருந்து "அண்ணா, டைம்லைன் மறுபடி தொங்குது" என்று எடிட்டர் தம்பி குரல் கொடுப்பார். நான் எஸ்எஸ்ஹெச்-இல், அதாவது தூரத்திலிருந்தே கமாண்ட் கொடுக்கும் வழியில், உள்ளே போய் ஒரு கமாண்டைத் தட்டினால், தட்டிய எழுத்து திரையில் வரவே அரை நிமிடம் ஆகும். சில நிமிடங்கள் கழித்து எல்லாம் தானாக உயிர் பெறும், மறுபடி பறக்கும், மறுபடி படுக்கும். ஓனர் அதற்குள் 128 ஜிபிக்குக் கொட்டேஷனே வாங்கி வைத்திருந்தார். "கொஞ்சம் பொறுங்க சார், எது நிரம்புதுன்னு பார்த்துட்டு வாங்கலாம்" என்றேன்.

முதலில் பார்க்க வேண்டியது மெமரி யாரிடம் இருக்கிறது என்பதை. லினக்ஸில் ஃப்ரீ கமாண்டைப் போட்டால் யூஸ்டு, பஃப்/கேஷ், அவைலபிள் என்று தனித்தனியாக வரும். அங்கே யூஸ்டு 5 ஜிபி போல, கேஷ் 55-ஐத் தாண்டி, அவைலபிள் கிட்டத்தட்ட 57. அதாவது எந்தப் புரோகிராமும் மெமரியைத் தின்னவில்லை. படித்ததையும் எழுதியதையும் கர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) காலி ரேமில் கேஷாக வைத்துக்கொண்டிருக்கிறது, யாராவது கேட்டால் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். பல மானிட்டரிங் திரைகள் இந்தக் கேஷையும் சேர்த்து "மெமரி 95 சதவீதம்" என்று சிவப்பில் காட்டுவதால்தான் பாதிப் பேர் பயந்து ரேம் வாங்கப் போகிறார்கள். அவைலபிள் நன்றாக இருக்கும்வரை அந்தச் சிவப்பைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒரு விதிவிலக்கு உண்டு. இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தைப் போட்டிருந்தால் அதன் சொந்தக் கேஷான ஏஆர்சி யூஸ்டு கணக்கில் வந்து நிற்கும், ஏதோ புரோகிராம் மெமரியை விடாமல் பிடித்திருப்பது போலவே தெரியும், ஆனால் அதுவும் கேஷ்தான்.

இணையத்தில் இதற்கு வைத்தியம் தேடினால் "டிராப் கேஷஸ்" என்று, கேஷைக் காலி செய்யும் கட்டளை ஒன்றைச் சொல்வார்கள், அதை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கிரானில் (நேரம் வைத்துத் தானாக ஓட்டும் வசதி) ஓட விடச் சொல்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அது தூக்கிப் போடுவது டிஸ்கில் ஏற்கெனவே பத்திரமாக இருக்கிற சுத்தமான பக்கங்களை (ரேமின் சிறு துண்டுகளை) மட்டும்தான். சிக்கலுக்குக் காரணமான, இன்னும் எழுதப்படாத பக்கங்களை அது தொடாது. கேஷ் போனதால் எடிட்டருக்குப் படிக்கும் வேகமும் குறையும்.

எழுதப்படாத பக்கங்கள் என்றேன் இல்லையா, விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஒரு புரோகிராம் ஃபைலில் எழுதும்போது அந்த டேட்டா நேராக டிஸ்குக்குப் போவதில்லை. கர்னல் அதை ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு "எழுதியாச்சு" என்று பதில் சொல்லிவிடும். அந்தப் பக்கங்களுக்கு டர்ட்டி என்று பெயர். பின்னணியில் ஓடுகிற ஒரு வேலையாள் அவற்றைப் பிறகு டிஸ்கில் இறக்குவார். எப்போது இறக்கத் தொடங்குவது, எவ்வளவு சேர்ந்தால் எழுதுகிறவரையே பிடித்து நிறுத்துவது என்பதற்கு இரண்டு அளவுகள் உண்டு: டர்ட்டி பேக்கிரவுண்ட் ரேஷியோ வழக்கமாக 10 சதவீதம், டர்ட்டி ரேஷியோ 20 சதவீதம். சதவீதம் என்பது மொத்த ரேமில் அல்ல, அந்த நேரத்தில் பயன்படுத்தக்கூடிய மெமரியில்.

இப்போது கணக்குப் போடுங்கள். 64 ஜிபி மெஷினில் பயன்படுத்தக்கூடியது 58 ஜிபி என்றால், 20 சதவீதம் கிட்டத்தட்ட 12 ஜிபி. 10 ஜிகாபிட் லைனில் நொடிக்கு ஒரு ஜிபிக்கு மேல் வந்து கொட்டுகிறது. ஆகவே பத்துப் பன்னிரண்டு விநாடியில் அந்த 12 ஜிபி நிரம்பிவிடும். ஸ்டுடியோவில் பார்த்த அந்தப் பறக்கும் நேரமும் அதேதான். ப்ராக் ஃபோல்டரில், கர்னல் தன் மெமரிக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பில் டர்ட்டி, ரைட்பேக் (டிஸ்கில் இறங்கிக்கொண்டிருப்பது) என்ற இரண்டு வரிகளை நொடிக்கொரு முறை ஓட விட்டு ஓனருக்கே காட்டினேன். சில நூறு எம்பி, 3 ஜிபி, 7 ஜிபி, 11 ஜிபி, அப்புறம் அங்கேயே நின்றது. அது நின்ற அதே விநாடியில் விண்டோஸ் திரையில் கோடும் விழுந்தது. பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. 128 ஜிபி போட்டிருந்தால் 24 ஜிபிவரை சேர்ந்திருக்கும், பறக்கும் நேரம் இரட்டிப்பாகியிருக்கும், இறக்கி வைக்க ஆகும் நேரமும் இரட்டிப்பாகியிருக்கும். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

இது புதுச் சிக்கல் இல்லை. 64-பிட் மெஷினில் மெதுவான யுஎஸ்பி டிரைவுக்குக் காப்பி போட்டால் மொத்த மெஷினும் தொங்குகிறது என்ற புகார் 2013-இலேயே லினக்ஸ் கர்னல் உருவாக்குபவர்கள் நடுவே பெரிய விவாதமானது. சதவீதக் கணக்கு என்பது மெஷின்களில் மெகாபைட் கணக்கில் ரேம் இருந்த காலத்துக்கு உரியது என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அப்போது சொன்னார். பிறகு 4.10 கர்னலில், பின்னணி எழுத்து மற்ற வேலைகளை நசுக்காதபடி கட்டுப்படுத்தும் வசதி வந்தது, நன்றாகவே உதவுகிறது. ஆனாலும் அந்த 10, 20 சதவீதங்கள் இன்றும் அப்படியேதான் இருக்கின்றன.

சரி, 12 ஜிபி சேர்ந்தது, நான்கு டிஸ்க் ரெய்டு அதை முப்பது நாற்பது விநாடியில் இறக்கியிருக்க வேண்டாமா? இங்கே நிமிடக்கணக்கில் ஏன் இழுக்கிறது? ஒவ்வொரு டிஸ்கின் வேலையையும் தனித்தனியாகக் காட்டும் ஐஓஸ்டாட்டை விரிவான காட்சியில் ஓட விட்டதும் பதில் கிடைத்தது. மூன்று டிஸ்குகளில் ஒரு எழுத்து முடிய ஆகும் காத்திருப்பு 20, 30 மில்லிசெகண்ட், பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருந்தன. நான்காவது டிஸ்கில் காத்திருப்பு 4,000 மில்லிசெகண்டைத் தாண்டி, டிஸ்க் எவ்வளவு நேரம் பிஸி என்று சொல்லும் யூட்டில் 100 சதவீதத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ரெய்டு 5-இல் எல்லா டிஸ்கும் எழுதி முடித்தால்தான் அந்த எழுத்து முடியும், ஆகவே மொத்தத் தொகுப்பும் அந்த ஒரு டிஸ்கின் வேகத்துக்கு இறங்கிவிட்டது. "இந்த டிஸ்க் எப்ப போட்டது?" என்று கேட்டேன். பழையது பழுதானதால் கடையில் கைக்குக் கிடைத்ததை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். மாடல் எண்ணைத் தேடிப் பார்த்தால் அது எஸ்எம்ஆர் வகை.

எஸ்எம்ஆர் டிஸ்கில் டிராக்குகள் ஓட்டுக்கூரையின் ஓடுகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் அதன் மேலே ஏறியிருப்பவற்றையும் எடுத்துத் திரும்ப அடுக்க வேண்டும். அந்தச் சுமை வெளியே தெரியாமலிருக்க, டிஸ்க் தன்னிடம் ஒரு பகுதியைத் தற்காலிக இடமாக வைத்துக்கொண்டு வருவதையெல்லாம் முதலில் அங்கே வாங்கிப் போடும், ஓய்வு கிடைக்கும்போது சொந்த இடத்துக்கு மாற்றும். சின்னச் சின்ன வேலைகளுக்கு இது போதும், வித்தியாசமே தெரியாது. மணிக்கணக்கில் ஓயாமல் எழுதினால் அந்த இடம் நிரம்பும், அப்புறம் நொடிக்குப் பத்து, இருபது, நாற்பது எம்பி என்று வேகம் சரியும், சில சமயம் பல விநாடிகள் பதிலே வராது. நாஸ் எனப்படும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகளுக்கென்றே விற்கப்பட்ட சில மாடல்கள்கூட, வெளியில் சொல்லாமல் எஸ்எம்ஆராக இருந்தது 2020-இல் தெரியவந்து பெரிய சர்ச்சையானது. அதற்குப் பிறகு தயாரிப்பாளர்கள் பட்டியல் வெளியிடத் தொடங்கினார்கள். ரெய்டில் போடும் டிஸ்க், டிராக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகைதானா என்று வாங்குமுன் மாடல் எண்ணைக் கொண்டு பார்த்துவிடுங்கள், கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம், பல கடைக்காரர்களுக்கே தெரியாது.

காப்பி மெதுவாகிறது என்பது வரை சரி, மற்ற எல்லாமும் ஏன் உறைய வேண்டும்? ஓஎஸ்ஸும் அதே டிஸ்குகளில் இருந்ததால்தான். லாகில் ஒரு வரி எழுத வேண்டும், ஒரு கமாண்டின் ஃபைலைப் படிக்க வேண்டும், எல்லாம் அந்த நீண்ட வரிசைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். ஓடும் வேலைகளைக் காட்டும் டாப் கமாண்டில் பார்த்தால் சிபியு சும்மா இருக்கும், லோட் ஆவரேஜ் (ஓடும், காத்திருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை) மட்டும் முப்பது நாற்பது என்று ஏறியிருக்கும், ஏனென்றால் டிஸ்குக்காகக் காத்து டி நிலையில் நிற்கும் வேலைகளையும் லினக்ஸ் லோடில் சேர்த்துக்கொள்ளும். காத்திருப்பு இரண்டு நிமிடத்தைத் தாண்டினால், இந்த வேலை 120 விநாடிக்கு மேலாகத் தடைபட்டிருக்கிறது என்று கர்னலே டிமெசேஜ் கமாண்ட் காட்டும் தன் பதிவில் எழுதி வைக்கும். சிபியு காலி, லோட் அதிகம், கூடவே அந்த 120 விநாடிச் செய்தி. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நேராக டிஸ்க் பக்கம் போங்கள், மெமரியைச் சந்தேகித்து நேரத்தை வீணாக்காதீர்கள். ஓரளவு புதிய கர்னலாக இருந்தால் ப்ரெஷர் என்ற கோப்புகளும் உண்டு, ஐஓ-வுக்காக எவ்வளவு நேரம் வேலைகள் நின்றன என்பதைச் சதவீதமாகச் சொல்லிவிடும். 4.20-இல் வந்தது, இன்னும் பலர் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

நெட்வொர்க்கையும் ஒரு முறை கழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மனசு கேட்காது. ஐபெர்ஃப்3 டிஸ்கைத் தொடாமல் ஒரு மெஷினின் ரேமிலிருந்து இன்னொன்றின் ரேமுக்கு அனுப்பிப் பார்க்கும். 1 ஜிகாபிட் லைனில் 940 மெகாபிட் போல, அதாவது நொடிக்கு 110, 115 எம்பி வந்தால் லைன் ஆரோக்கியம். அது சீராக ஓடி, ஃபைல் காப்பி மட்டும் விழுந்து எழுந்தால் குற்றவாளி டிஸ்கோ அதற்கு முன்னால் இருக்கும் புரோகிராமோதான். நெட்வொர்க் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் பழகியவர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம். வாங்குகிற பக்கம் "ஜீரோ விண்டோ" என்று அனுப்பினால், அங்கே உள்ள புரோகிராம் வந்ததை எடுத்துப் போடவில்லை என்று பொருள். ரீடிரான்ஸ்மிஷன், அதாவது தொலைந்த பாக்கெட்டைத் திரும்ப அனுப்புவது, மலிந்திருந்தால் கேபிள், சுவிட்ச் பக்கம் போக வேண்டும்.

மெமரி ஏறாமலேயே உறையும் ஒரு வகையும் உண்டு. பிங் போகும், ஷேர் திறக்கும், பெரிய ஃபைல் மட்டும் தொடங்கிய உடனே நின்றுவிடும். அப்படியானால் ஜம்போ ஃப்ரேமை, அதாவது வழக்கமான 1500 பைட்டைவிடப் பெரிய பாக்கெட் அளவை, பாருங்கள். இரு முனையிலும் 9000 போட்டுவிட்டு நடுவில் ஒரு சுவிட்ச் 1500-இலேயே இருந்தால் சின்ன பாக்கெட் போகும், பெரியது காணாமல் போகும். பிங்கில் துண்டாக்காதே என்று சொல்லி 8972 பைட் அனுப்பிப் பாருங்கள், 28 பைட் தலைப்புக்குப் போகும், மொத்தம் 9000. பதில் வரவில்லையென்றால் விஷயம் முடிந்தது.

ஸ்டுடியோவுக்கு வருவோம். அந்த டிஸ்கைக் கழற்றி சிஎம்ஆர் மாட்டினோம், ஓஎஸ்ஸைச் சின்ன எஸ்எஸ்டிக்கு நகர்த்தினோம். அதோடு, டர்ட்டி அளவுகளைச் சதவீதத்திலிருந்து பைட்டுக்கு மாற்றினோம். பைட்டில் மதிப்பு வைத்த உடனே சதவீதம் தானாகப் பூஜ்யமாகிவிடும், இரண்டும் சேர்ந்து இயங்காது. எவ்வளவு வைப்பது? டிஸ்க் தொகுப்பு ஓயாமல் எழுதக்கூடிய வேகத்தை முதலில் அளந்துகொள்வேன், ஒன்றிரண்டு விநாடியில் எழுதக்கூடியதைப் பின்னணி அளவாகவும் ஐந்தாறு விநாடியில் எழுதக்கூடியதை மேல் அளவாகவும் வைப்பது என் பழக்கம். அங்கே நொடிக்கு 300 எம்பி கிடைத்தது, ஆகவே 512 எம்பி, 1.5 ஜிபி. அளக்கும்போது கேஷைத் தாண்டி நேரடியாக எழுதும் முறையில் அளக்க வேண்டும், இல்லையென்றால் ரேமின் வேகத்தை டிஸ்க் வேகம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

மறுநாள் ஓனரிடமிருந்து போன். "சார், முன்னாடி ஒரு ஜிபி காட்டும், இப்ப 280-தான் காட்டுது, ஸ்பீடு குறைஞ்சு போச்சே?" நியாயமான கேள்வி. முன்பு காட்டியது ரேமுக்குள் போகிற வேகம், இப்போது காட்டுவது டிஸ்குக்குப் போகிற வேகம். ஒரு கார்டு முழுசாக ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு அவரே கொட்டேஷனைக் கிழித்துப் போட்டார். எடிட்டர் தம்பிக்கு டைம்லைன் தொங்கவில்லை என்பதே போதுமாக இருந்தது. நுனியில் ஒரு வரம்பு இருந்து, அது நிரம்பும்போது அனுப்புகிறவருக்கு உடனே தெரிந்தால் எல்லாம் சீராகிவிடும். மெமரி ஏறுவது என்பது வாங்குகிறவர் மெதுவாக இருப்பதை அனுப்புகிறவருக்குச் சொல்லாமல் யாரோ நடுவில் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கான அடையாளம், அந்த யாரோ யார் என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

இதில் வேகத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. திரையில் காப்பி முடிந்தது என்று வந்தாலும் கடைசிப் பல ஜிபி சர்வர் ரேமில்தான் இருக்கலாம். அந்த நேரத்தில் கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் கைவிட்டால் அது போனதுதான். காப்பி முடிந்ததும் கார்டை ஃபார்மட் அடித்து அடுத்த முகூர்த்தத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடுகிற தொழில் இது. ஒரு குடும்பத்தின் தாலி கட்டும் காட்சி அந்த 12 ஜிபிக்குள் இருக்கலாம், அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே அங்கே ஒரு வழக்கத்தைக் கட்டாயமாக்கினேன். காப்பி முடிந்ததும் சர்வரில், ரேமில் மிச்சமிருப்பதை டிஸ்கில் இறக்கச் சொல்லும் சிங்க் கமாண்டை ஓட்டி, அது முடிந்தபின் செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) ஒப்பிட்டு, இரண்டும் சரி என்றால்தான் கார்டைக் கேமராமேனிடம் கொடுப்பது. கொஞ்சம் நேரம் கூடுதலாகும், பரவாயில்லை.

இனி நிஜமாகவே மெமரி தின்னும் இடங்கள். கேஷ் ஏறாமல் ஒரு புரோசஸின் ஆர்எஸ்எஸ் (அது ரேமில் பிடித்திருக்கும் அளவு) மட்டும் ஃபைல் அளவுக்கு இணையாக ஏறினால் அந்தப் புரோகிராம் முழு ஃபைலையும் ரேமில் வாங்குகிறது. பைத்தானில் எழுதிய அப்லோட், டவுன்லோட் ஸ்கிரிப்டுகளில் அடிக்கடி பார்ப்பது: ஃபைலைத் திறந்து ஒரே ரீட், அல்லது ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில் ஸ்ட்ரீம் ஆப்ஷனைப் போடாமல் கெட். சோதிக்கும்போது 50 எம்பி ஃபைல், யாருக்கும் ஒன்றும் தெரியாது. 40 ஜிபி வந்ததும், மெமரி தீரும்போது புரோகிராமைக் கொல்லும் கர்னலின் ஓஓஎம் கில்லர் வந்து ஆளைத் தீர்த்துவிடும், சில சமயம் தப்பே செய்யாத டேட்டாபேஸைத் தீர்த்துவிடும், ஏனென்றால் அது பெரிய ஆளைத்தான் தேடும். ஒரு எம்பி, இரண்டு எம்பி என்று துண்டு துண்டாகப் படித்து எழுதினால் போதும். நோட் ஜேஎஸ் என்றால் ஸ்ட்ரீமில் ரைட் ஃபால்ஸ் என்று திருப்பும்போது நிறுத்தி, டிரெயின் (இடம் காலியாச்சு) என்ற அறிவிப்பு வந்தபின் தொடர வேண்டும், அல்லது பைப்லைன் ஃபங்ஷனிடம் விட்டுவிடுங்கள், அது பார்த்துக்கொள்ளும். ஃபால்ஸைக் கண்டுகொள்ளாமல் எழுதிக்கொண்டே போகும் புரோகிராம்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

லட்சக்கணக்கான ஃபைல்களை ஆர்சிங்க் என்ற காப்பிக் கருவியால் அனுப்பும்போது மெமரி ஏறினால் ஆப்ஷன்களைப் பாருங்கள். 3.0-க்குப் பிறகு அது முழுப் பட்டியலையும் ஒரேயடியாக ரேமில் கட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், ஆனால் டிலீட் ஆஃப்டர், டிலே அப்டேட்ஸ் போன்றவற்றைப் போட்டால் அந்த வசதி அணைந்துவிடும். அப்புறம், மவுண்ட் செய்த ஷேருக்கு ஆர்சிங்க் ஓட்டினால் அதற்கு அது லோக்கல் ஃபோல்டர்தான், மாறிய ஃபைலை மாறிய பகுதி மட்டும் அனுப்பாமல் முழுசாகவே எழுதும். முடிந்தால் எஸ்எஸ்ஹெச் வழியாக ஓட்டுங்கள்.

விண்டோஸ் பக்கத்திலும் இதே கதை நடக்கும், பெரிய ஃபைலை அனுப்பும் மெஷினே திணறும். விண்டோஸ் 8 முதல் ரோபோகாப்பி கமாண்டில் ஜே என்றொரு ஆப்ஷன் இருக்கிறது, கேஷை விட்டுவிட்டு நேரடியாகக் காப்பி போடும், பெரிய ஃபைல்களுக்கு மட்டும் வையுங்கள். எது மெமரியைப் பிடித்திருக்கிறது என்று பார்க்க ராம்மேப் என்ற இலவசக் கருவி போதும்.

கடைசியாக ஒன்று, சமீபத்தில் அதிகம் கேட்கிறார்கள். டெபியன் லினக்ஸின் 13-ஆம் பதிப்புக்கு மாறியபின் வெப் அப்லோட் சர்வரில் மெமரி நிரம்புகிறது, எந்தப் புரோசஸும் பெரிதாக இல்லை, கேஷ்தான் ஏறுகிறது, ஆனால் அவைலபிளும் கூடவே இறங்குகிறது என்றால் டெம்ப் ஃபோல்டரைப் பாருங்கள். 2025-இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்து புதிதாக எதையும் மாற்றாவிட்டால் அது டெம்ப்எஃப்எஸ், அதாவது ரேமிலேயே இருக்கும் ஃபோல்டர், பாதி ரேம்வரை வளரும். பிஹெச்பி அப்லோடுகள் வழக்கமாக முதலில் அங்கேதான் வந்து விழும், நாலு பேர் ஒரே நேரத்தில் 5 ஜிபி ஏற்றினால் 20 ஜிபி ரேம் காலி. ஃப்ரீ கமாண்டில் ஷேர்டு என்ற நெடுவரிசையில் எண் ஏறியிருக்கும், அதை வைத்தே பிடித்துவிடலாம். பிஹெச்பி-இன் அப்லோட் டெம்ப் டிரெக்டரியை டிஸ்கில் இருக்கும் ஒரு ஃபோல்டருக்கு மாற்றி, அந்த ஃபோல்டருக்கு வெப் சர்வர் பயனருக்கு எழுதும் உரிமை கொடுத்து, பிஹெச்பியை ஓட்டும் பிஹெச்பி-எஃப்பிஎம் சர்வீஸை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்தால் போதும்.